தூண்டில் போடுமுன் உரிமம்: சிட்னிக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் அறிய வேண்டிய மீன்பிடி விதிகள்

சிட்னிக்குப் படிக்கக் கிளம்பும் மாணவர்களுக்கு, ஏற்கெனவே அங்கு இருந்து வந்தவர்கள் ஒரு பட்டியல் அனுப்புவது வழக்கம். ரைஸ் குக்கர், கம்பளிச் சட்டை, பேருந்துக்கும் ரயிலுக்கும் ஓப்பல் அட்டை, மருத்துவக் காப்புறுதி, மிளகாய்த்தூள் என்று அது நீண்டுகொண்டே போகும். மீன்பிடி உரிமம் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ஆனால் கடலோர நகரம் ஒன்றில் கையில் அதிகம் காசில்லாத மாணவர்களுக்கு, வார இறுதியைக் கழிக்கத் தூண்டிலைப் போல மலிவான வழி வேறில்லை. அங்கு போன இரண்டாம் வாரமே யாராவது ஒருவர் “மீன் பிடிக்கப் போகலாமா?” என்று கேட்டுவிடுவார்.

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு அது சாதாரணக் கேள்வி. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உள்ள பெடோக் படகுத்துறைக்குத் தூண்டிலுடன் போய் உட்கார்ந்தால் யாரும் உரிமம் கேட்பதில்லை. அனுமதிக்கப்பட்ட இடம்தானா என்று பார்த்துக்கொண்டால் போதும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கு 18 வயதைத் தாண்டிய எவரும், உள்ளூர்வாசியாக இருந்தாலும் மாணவர் விசாவில் வந்தவராக இருந்தாலும், பொழுதுபோக்கு மீன்பிடிக் கட்டணம் செலுத்திய பிறகே தூண்டில் போட வேண்டும்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஆறு மாதம் சிட்னியில் இருந்தபோது நானும் அந்தக் கட்டணத்தைச் செலுத்தினேன். முதலில் அது இன்னொரு செலவாகத்தான் தோன்றியது. அந்தப் பணம் எங்கே போகிறது, அதனுடன் வரும் விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது சுவாரசியமான பல செய்திகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா போகத் திட்டமிடும் இளையர்களுக்கு அவை பயன்படும்.

உரிமம் வாங்குவது எப்படி?

உரிமம் பெறத் தேர்வு எதுவும் எழுத வேண்டியதில்லை. மாநில அரசின் சேவை இணையத்தளத்தில் பெயர், முகவரி முதலிய விவரங்களைப் பதிந்து, கடன்பற்று அட்டையில் பணம் செலுத்தினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அரசாங்கச் சேவை நிலையங்களிலும், தூண்டிலும் இரையும் விற்கும் பல கடைகளிலும் வாங்கலாம். நான் வாங்கியபோது மூன்று நாளுக்கு 7 டாலர், ஒரு மாதத்துக்கு 14 டாலர், ஓராண்டுக்கு 35 டாலர், மூன்று ஆண்டுகளுக்கு 85 டாலர் என்று கட்டணம் இருந்தது. ஒரு செமஸ்டருக்குப் போகிறவர், மாதந்தோறும் மீன் பிடிக்கும் எண்ணம் இருந்தால், ஓராண்டு உரிமம் வாங்குவதே சிக்கனம். கட்டணம் மாறக்கூடும் என்பதால் வாங்கும் நாளில் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடலுக்கும் ஆற்றுக்கும் ஏரிக்கும் இந்த ஒரே கட்டணம்தான். தூண்டில் போடுவதற்கு மட்டும் என்றும் நினைத்துவிடக்கூடாது. ஈட்டியால் மீன் குத்துவது, இறால் வலை வீசுவது, பொறி வைப்பது, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைக் கையால் எடுப்பது, இரைக்காகப் புழு தோண்டுவது ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். “நான் மீனே பிடிக்கவில்லை, நண்பனின் தூண்டிலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்” என்ற விளக்கமும் எடுபடாது. நீரோரத்தில் மீன்பிடிச் சாதனம் கையில் இருந்தாலே உரிமமும் இருக்க வேண்டும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு தூண்டிலையும் ஓர் உரிமத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நடக்காத காரியம்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. ஓய்வூதியச் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் பூர்வகுடி மக்களுக்கும் விலக்கு உண்டு. அயல்நாட்டு மாணவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம்

ஆஸ்திரேலியாவில் மீன்பிடி விதிகளைப் பெரும்பாலும் மாநிலங்களே வகுக்கின்றன. இதனால் ஒரே நாட்டுக்குள் எல்லை தாண்டினால் விதியும் மாறுகிறது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் உரிமம் வேண்டும். ஆனால் நியூ சவுத் வேல்சில் வாங்கியது அங்கே செல்லாது. பிரிஸ்பன் இருக்கும் குவீன்ஸ்லாந்தில் கடலில் தூண்டில் போட உரிமம் தேவையில்லை. ஆனால் மீன் குஞ்சுகள் விடப்பட்ட குறிப்பிட்ட அணைகளில் பிடிக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். அடிலெய்ட் இருக்கும் தென் ஆஸ்திரேலியாவில் தூண்டிலுக்கு உரிமம் இல்லை. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் கரையில் நின்று கடலில் தூண்டில் போடலாம். இயந்திரப் படகில் ஏறிப் பிடிக்கவும், அபலோன், கடற்சிங்கி போன்றவற்றை எடுக்கவும் உரிமம் வேண்டும். டாஸ்மேனியாவில் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டாம், ஏரியிலும் ஆற்றிலும் போட வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு மரே ஆறு. நியூ சவுத் வேல்சுக்கும் விக்டோரியாவுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டருக்கு அந்த ஆறுதான் எல்லை. ஆனால் எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் ஓடவில்லை. விக்டோரியாவின் பக்கத்துக் கரை வரைக்கும் தண்ணீர் நியூ சவுத் வேல்சுக்குச் சொந்தம். ஆகவே விக்டோரியா மண்ணில் நின்று ஆற்றில் தூண்டில் போடுபவருக்கும் நியூ சவுத் வேல்ஸ் உரிமம் வேண்டும். அதே ஆற்றில் கட்டப்பட்ட ஹியூம் ஏரிக்கு விக்டோரியாவின் விதிகள் பொருந்தும். கல்லூரி விடுமுறையில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மலேசிய வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், கடல் மீன்பிடிப்பு கூட்டரசின் பட்டியலிலும், ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. ஆற்றில் யார், எப்படிப் பிடிக்கலாம் என்பதை அந்தந்த மாநிலமே சொல்கிறது.

35 டாலர் எங்கே போகிறது?

வரி என்று கட்டும் பணம் எங்கே போகிறது என்று பொதுவாக நமக்குத் தெரிவதில்லை. இந்தக் கட்டணத்தின் கதை வேறு. நியூ சவுத் வேல்சில் இந்தப் பணம் அரசாங்கத்தின் பொதுக் கருவூலத்தில் கலப்பதில்லை. நன்னீருக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு அறநிதிகளுக்குப் போகிறது. பொழுதுபோக்கு மீன்பிடிப்பை மேம்படுத்தவே அதைச் செலவிட வேண்டும் என்பது சட்டம்.

மீன் குஞ்சுகளை வளர்த்து ஆறுகளிலும் அணைகளிலும் விடுவது, கடலடியில் செயற்கைத் திட்டுகள் அமைப்பது, கரையோரத்தில் மீன் கழுவும் மேசைகள் கட்டுவது, பள்ளி மாணவர்களுக்கு மீன்பிடிப் பயிலரங்கு நடத்துவது என்று பல வேலைகள் இதில் நடக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது 2002ஆம் ஆண்டில் நடந்தது. அந்த ஆண்டில் மாநிலத்தின் கடலோரத்தில் 30 இடங்கள் பொழுதுபோக்கு மீன்பிடிப் புகலிடங்களாக அறிவிக்கப்பட்டன. பாட்டனி விரிகுடாவும் மெக்குவாரி ஏரியும் அவற்றில் அடங்கும். அங்கு வலைவீசிப் பிழைத்த வணிக மீனவர்களின் உரிமங்கள் கட்டணப் பணத்தைக் கொண்டு திரும்ப வாங்கப்பட்டன.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு விதமான எண்ணம் வந்தது. வலைகள் இல்லாததால் விரிகுடாவில் தூண்டில்காரர்களுக்கு மீன் கூடியிருக்கலாம். அதே வேளையில், பிழைப்புக்காகப் பிடித்த ஒருவர் விலகி, பொழுதுபோக்குக்காகப் பிடிக்கும் ஒருவருக்கு இடம் கொடுத்திருக்கிறார். நான் செலுத்திய 35 டாலருக்குப் பின்னால் அப்படி ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு தூண்டில் போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

அளவுகோல் ஏன் இவ்வளவு முக்கியம்?

உரிமம் வாங்கிவிட்டால் கிடைப்பதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான விதிகள் அதன் பிறகுதான் தொடங்குகின்றன. பல மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் உண்டு. ஒரு நாளில் ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கையும் உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும்.

ஸ்னாப்பர் 30 செ.மீ. இருக்க வேண்டும். பிரீம் 25 செ.மீ. நம் ஊர்க் கிழங்கான் மீனின் உறவுக்காரரான சேண்ட் வைட்டிங் 27 செ.மீ. கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்த மல்லோவே என்ற பெரிய மீன் 70 செ.மீ. இருந்தால்தான் எடுக்கலாம், அதுவும் நாளுக்கு ஒன்றே ஒன்று. அபலோன் 11.7 செ.மீ., நாளுக்கு இரண்டு.

சின்ன மீனை விட வேண்டும் என்பதன் காரணம் எளிது. ஒருமுறையாவது முட்டையிட்டுப் பெருக அதற்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் சில மீன்களுக்கு மேல் வரம்பும் இருக்கிறது. டஸ்கி ஃபிளாட்ஹெட் என்ற தட்டைத் தலை மீனை 36 முதல் 70 செ.மீ. வரை இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். மரே ஆற்றில் வாழும் மரே காட் 55 முதல் 75 செ.மீ. வரை. அதைவிடப் பெரியது கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

பெரிய மீனைப் பிடிப்பதுதானே பெருமை? அதை ஏன் விட வேண்டும்? ஃபிளாட்ஹெட் மீன்களில் மிகப் பெரியவை எல்லாம் ஏறக்குறையப் பெண் மீன்கள். உடல் பெரிதாகப் பெரிதாக அவை இடும் முட்டைகளின் எண்ணிக்கையும் பன்மடங்காகிறது. அப்படிப்பட்ட ஒரு தாய் மீனை எடுத்துவிட்டால், அந்தக் கழிமுகத்தின் அடுத்த தலைமுறையில் ஒரு பெரும் பங்கை எடுத்துவிட்டதாகப் பொருள். மரே காட் முட்டையிடும் பருவமான செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை அதைப் பிடிக்கவே தடை. சிட்னியில் அது வசந்த காலம், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் பருவத்தின் பிற்பகுதி.

விதிகளைக் காகிதத்தில் படிப்பது ஒன்று, நேரில் பார்ப்பது இன்னொன்று. ஒரு சனிக்கிழமை மாலை பாட்டனி விரிகுடாவின் கரையில் நாங்கள் நின்றிருந்தபோது மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். முதலில் உரிமத்தைக் கேட்டார், கைப்பேசியில் காட்டினோம். பிறகு வாளியைப் பார்த்தார், அளவுகோலை எடுத்தார். எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்த இளையர் குழுவிடம் இருந்த ஸ்னாப்பர் 30 செ.மீ.க்குக் குறைவாக இருந்தது. அது உயிரோடு இருந்ததால் உடனே கடலில் விடச் சொன்னார். எப்படி விட வேண்டும் என்றும் காட்டினார்: கையை நனைத்துக்கொண்டு பிடிப்பது, வீசி எறியாமல் தண்ணீரோடு சேர்த்து விடுவது. உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்து, பின்னர் நோய் வர அது வழியாகிவிடும் என்றார். போகும்போது அளவுகள் அச்சிட்ட ஒட்டுவில்லை ஒன்றையும் அவர்களுக்குக் கொடுத்தார். சட்டத்தை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எல்லா நேரமும் எச்சரிக்கையோடு முடியும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கவும், சாதனங்களைப் பறிமுதல் செய்யவும், வழக்குத் தொடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

நீல மீனுக்காக மாறிய சட்டம்

சிட்னி கடலோரத்தில் முக்குளிக்கும் எவருக்கும் நீலக் குரோப்பர் தெரியும். மனிதர்களைக் கண்டு அஞ்சாமல் நாய்க்குட்டி போலப் பின்னால் வரும் பெரிய மீன் அது. பிறக்கும்போது எல்லாமே பெண். பழுப்பும் பச்சையுமாக இருக்கும். வளர்ந்த பின் அவற்றில் சில ஆணாக மாறி, பளிச்சென்ற நீல நிறம் பெறுகின்றன. 1998 முதல் அதுவே நியூ சவுத் வேல்சின் மாநில மீன். ஈட்டியால் அதைக் குத்துவதற்கு 1969 முதலே தடை இருந்தது. தூண்டிலில் பிடிக்க மட்டும் அனுமதி இருந்தது.

2023 டிசம்பர் இறுதியில், சிட்னியின் தெற்கே குரோனுல்லாவில், அப்பகுதி மக்கள் ‘கஸ்’ என்று பெயரிட்டு அன்பாகப் பார்த்துவந்த ஒரு நீலக் குரோப்பரை ஒருவர் ஈட்டியால் குத்திக் கொன்றார். அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஊர் மக்கள் கொதித்துப்போனார்கள். 2024இன் தொடக்கத்தில் மாநில அரசாங்கம் நீலக் குரோப்பரைத் தூண்டிலில் பிடிப்பதற்கும் தடை கொண்டுவந்தது.

ஒரு மீனின் சாவு சட்டத்தையே மாற்றியது என்பது ஒருபுறம். மாணவர்களுக்கு இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. விதிகள் நிலையானவை அல்ல. போன ஆண்டு அங்கு படித்த அக்கா சொன்னது இந்த ஆண்டு சரியாக இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. மாநில மீன்வளத் துறையின் கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு மீனின் படமும் அளவும் எண்ணிக்கையும் உள்ளன. எந்த இடத்தில் தடை என்பதும் அதில் உண்டு. எடுத்துக்காட்டாக, சுற்றுப்பயணிகள் குவியும் மேன்லி கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள கேபேஜ் டிரீ விரிகுடா 2002 முதல் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதி. அங்கு மீன் பிடிக்கவோ சிப்பி பொறுக்கவோ முடியாது.

சமையலுக்கு முன் ஒரு கேள்வி

துறைமுகப் பாலமும் ஓப்ரா மாளிகையும் தெரியும்படி நின்று தூண்டில் போடுவது எல்லாருக்கும் ஆசைதான். அங்கு பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

சிட்னி துறைமுகத்தின் மேற்குப் பகுதியில், ஹோம்புஷ் விரிகுடாவைச் சுற்றி முன்பு களைக்கொல்லி தயாரித்த இரசாயனத் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றிலிருந்து கசிந்த டையாக்சின் என்னும் நச்சு கடலடிச் சேற்றில் தங்கிவிட்டது. சேற்றில் வாழும் புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் அது ஏறுகிறது. 2006இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. பொழுதுபோக்குக்குப் பிடிக்கத் தடை இல்லை. ஆனால் பாலத்துக்கு மேற்கே பிடித்த எதையும் சாப்பிட வேண்டாம் என்றும், கிழக்கே பிடித்ததைப் பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்றும் அரசாங்கம் அறிவுறுத்துகிறது. 150 கிராம் என்பது ஒரு வேளைக்கு ஒரு துண்டு மீன். உரிமம் இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது என்பதால் அந்த மீன் தட்டுக்கு ஏற்றது என்று ஆகிவிடாது.

இரையிலும் ஒரு கவனம் வேண்டும். பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் பச்சை இறாலை வாங்கி இரையாக மாட்டுவது மாணவர்களுக்குத் தோன்றும் முதல் யோசனை. அதைச் செய்யவே கூடாது. இறக்குமதியாகும் பச்சை இறாலில் வெண்புள்ளி நோய்க் கிருமி இருக்கக்கூடும். மனிதரை அது ஒன்றும் செய்யாது; ஆனால் இறால், நண்டு இனங்களைக் கொல்லும். 2016இல் குவீன்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரையிலுள்ள இறால் பண்ணைகளில் அந்நோய் பரவிப் பெரும் சேதம் விளைவித்தது. 2022இல் நியூ சவுத் வேல்சின் கிளாரன்ஸ் ஆற்றுப் பகுதியிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. இரை விற்கும் கடையிலேயே இரையை வாங்குங்கள். சில டாலர் கூடுதலாகும், அவ்வளவுதான்.

உயிரைக் காக்கும் உரிமம் எதுவும் இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படியுங்கள்.

சிட்னியின் கடலோரம் பெரும்பாலும் செங்குத்தான பாறைகள். அவற்றின் அடியில் தட்டையான பாறைத் தளங்கள் இருக்கும். ஆழமான நீர் காலடியிலேயே இருப்பதால் அங்கு பெரிய மீன் கிடைக்கும். அதற்காகப் பலர் இறங்குகிறார்கள். கடல் அமைதியாகத் தெரியும். பத்து நிமிடம், இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு தொலைவில் எங்கோ வீசிய காற்றில் எழுந்த பெரிய அலை ஒன்று வந்து தளத்தையே கழுவிக்கொண்டு போகும். விழுந்தவர் நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் பாறையில் மோதும் அலை அவரை ஏறவிடாது. அங்கு ஆண்டுதோறும் இப்படி உயிர்கள் போகின்றன. இறந்தவர்களில் பலர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்தக் கடலின் போக்கு தெரியாமல் போனவர்கள்.

இதனால் 2016இல் பாறை மீன்பிடிப்புப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பாறையிலிருந்து மீன் பிடிப்பவர்கள் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும்; அணியாவிட்டால் அபராதம். முதன்முதலில் அறிவிக்கப்பட்டது ரான்விக் வட்டாரம். நம் மாணவர்கள் பலர் படிக்கும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கென்சிங்டன் வளாகம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பாறைகளின் ஓரத்தில் கம்பத்தில் மாட்டியிருக்கும் மீட்பு வளையங்களைப் பார்க்கலாம். அவற்றுக்கும் உரிமக் கட்டண அறநிதியிலிருந்து பணம் போகிறது.

எங்கள் குழுவுக்கு வழிகாட்டியவர் ஜொகூரைச் சேர்ந்த ஒரு முதுநிலை மாணவர். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பாறையில் இறங்கலாமா என்று நாங்கள் கேட்டபோது அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மேலே ஓரிடத்தில் உட்காரவைத்தார். “தம்பி, அரை மணி நேரம் அலையை மட்டும் பாரு. தூண்டிலைத் தொடாதே” என்றார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஓர் அலை, நாங்கள் நிற்க நினைத்த இடத்தை முழுமையாக மூடிவிட்டு இறங்கியது. “மீன் கிடைக்கலைன்னா கடையில வாங்கிக்கலாம். வா, விரிகுடாவுக்குப் போவோம்” என்றார் அண்ணன். அதன் பிறகு அந்த ஆறு மாதமும் நாங்கள் பாறைப் பக்கம் போகவில்லை. சமதளமான கரையும் படகுத்துறையுமே போதுமாக இருந்தன.

விதி எல்லாருக்கும் ஒன்றுதானா?

மீன்பிடி விதிகள் நல்லவை என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் கதை முழுமையாகாது. நியூ சவுத் வேல்சின் தென் கடலோரத்தில் வாழும் பூர்வகுடி மக்கள் எத்தனையோ தலைமுறைகளாக முக்குளித்து அபலோன் எடுத்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் எண்ணிக்கை வரம்பு உண்டு. குடும்பத்துக்கும் சமூகத்துக்குமாகச் சேர்த்து எடுப்பது அவர்கள் வழக்கம். அந்த வரம்பு அதற்குப் பொருந்துவதில்லை. அதனால் அவர்களில் பலர் வழக்குகளைச் சந்தித்திருக்கிறார்கள். சிலர் சிறைக்கும் போயிருக்கிறார்கள். பண்பாட்டு மீன்பிடிப்பை அங்கீகரிக்கும் சட்டத் திருத்தம் 2009இல் மாநில நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகளாகியும் அது நடப்புக்குக் கொண்டுவரப்படவில்லை.

வார இறுதிக்குத் தூண்டில் போட வரும் மாணவருக்கும், அந்தக் கடலையே வாழ்வாகக் கொண்டவருக்கும் ஒரே அளவுகோல் சரியா? இது சட்டம், சமூகவியல், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் தங்கள் வகுப்பில் விவாதிக்க வேண்டிய கேள்வி.

இதற்கு வேறு விதமான விடை நம் அருகிலேயே இருக்கிறது. சாபாவில் ‘தகால்’ என்றொரு முறை உண்டு. கிராம மக்களே கூடி ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்வார்கள். எங்கே பிடிக்கலாம், எங்கே எப்போதாவது பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்று ஆற்றைப் பிரித்து, மீறினால் தண்டமும் வைப்பார்கள். மாநில அரசும் 2003இல் சட்டம் கொண்டுவந்து இதற்குத் துணை நிற்கிறது. ரானாவ் அருகில் உள்ள மொரோலி ஆற்றில் மீன்கள் கூட்டமாகப் பெருகி, அவற்றைப் பார்க்கவே சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். அங்கு ஆற்றைக் காப்பவர்கள் ஆற்றோரத்தில் வாழ்பவர்களே.

சிங்கப்பூர் திரும்பிய பிறகு

நம் ஊரில் உரிமம் இல்லை, ஆனால் விதி உண்டு. நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டுமே பிடிக்கலாம். அங்கு செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். உயிருள்ள இரைக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் அது நாம் குடிக்கும் தண்ணீர். தடை செய்யப்பட்ட இடத்தில் தூண்டில் போட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் பூங்காக்களிலும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் உள்ளன. கால்வாய் ஓரத்தில் மீன் தெரிகிறது என்பதற்காக அங்கே தூண்டில் போட்டுவிட முடியாது. வீட்டில் வளர்த்த மீனை நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றமே. நம் நீர்த்தேக்கங்களில் தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் பீக்காக் பாஸ் இந்த ஊர் மீன் இல்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது இங்கே விடப்பட்டுப் பெருகிய மீன்.

சிங்கப்பூருக்கும் உரிமம் வேண்டுமா என்று என் நண்பர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஓய்வுபெற்ற தாத்தாக்கள் படகுத்துறையில் காசில்லாமல் கழிக்கும் மாலை நேரத்துக்கு எதற்குக் கட்டணம் என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம்தான். ஆனால் குறைந்தபட்ச அளவு என்ற பழக்கத்தைச் சட்டம் சொல்லாமலே நாம் எடுத்துக்கொள்ளலாம். விரல் நீள மீனை வாளியில் போட்டு வைப்பதால் யாருக்கும் பயனில்லை. அறுந்த நரம்பையும் முள்ளையும் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடுவதற்கும் உரிமம் தேவையில்லை. பறவையின் காலில் நரம்பு சுற்றிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆஸ்திரேலியா போகிறவர்கள் தூண்டில் வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நிற்கும் மாநிலத்தில் உரிமம் வேண்டுமா? இந்த இடத்தில் பிடிக்க அனுமதி உண்டா? இந்த மீனின் அளவும் எண்ணிக்கையும் என்ன? பிடித்ததைச் சாப்பிடலாமா? அலை வந்தால் நான் எங்கே போவேன்? ஐந்தாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அங்கே நிற்காதீர்கள். மற்ற நான்குக்கும் விடை கைப்பேசியிலேயே கிடைக்கும்.